சூடம் அணைக்கும் வெள்ளி

வெள்ளிக்கிழமை சண்டையோடுதான் விடிந்தது. பிள்ளைக் காம்பராவில் இருந்த ஒரே கேத்தலுக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒருத்தி தேத்தண்ணி வைக்க வேண்டும் என்றாள். மற்றவள் கைப்பிள்ளைக்குப் பால்மா கரைக்க வேண்டும் என்றாள். வார்த்தை தடித்துத் தடித்து, கடைசியில் கேத்தலை இருவருமே மறந்துபோய், "எந்தப் புண்ணியவான் வச்ச நெருப்பால நாம இப்பிடிக் கெடக்கோம்" என்பதில் வந்து நின்றது. நெருப்புப் பிடித்த நாளிலிருந்து அங்கே எல்லாச் சண்டையும் அந்த இடத்தில்தான் வந்து நின்றது.

நெருப்புப் பிடித்த செவ்வாய்க்கிழமையைப் பற்றித் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கொட்டகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பத்தாம் நம்பர் லயம் என்பது ஆறு வீடுகளும் ஒரே கூரையும். நடுச்சுவர்கள் கூரையைத் தொடுவதில்லை. ஆட்கள் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நேரத்தில் எங்கேயோ பிடித்த நெருப்பு, அந்த இடைவெளி வழியாக வீட்டுக்கு வீடு தாண்டிவிட்டது. ஓடி வந்தவர்களுக்குப் பீலிக் குழாயில் ஒழுகிய தண்ணீர் எந்த மூலைக்கும் போதவில்லை. உயிருக்குச் சேதமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் சேதம். வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக் காம்பராவில், தொட்டில் கயிறுகளுக்குக் கீழே, ஆறு குடும்பமும் இப்போது படுத்து எழும்புகிறது.

அன்றைக்கு லயத்தில் இருந்த ஒரே ஆள் செல்லசாமி. தோட்ட வேலையை விட்டுவிட்டு, வீட்டில் வடை சுட்டு பஸாரில் விற்கிறவன். பெரிய எண்ணெய்த் தாச்சி, காஸ் அடுப்பு. பழி போடுவதற்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அவன் தீக்குள் புகுந்து காஸ் சிலிண்டரை இழுத்து வெளியே உருட்டியிருக்காவிட்டால் மேல் லயமும் சேர்ந்து போயிருக்கும். அதில் வெந்த இரண்டு கைகளிலும் கட்டுப் போட்டிருக்கிறான். அதையும் சனங்கள் விடவில்லை. "அவன் சாமானத்தத்தானே அவன் காப்பாத்துனான்" என்றார்கள்.

எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னவன் வினோஜன்தான். அதே லயத்துக்காரன்; கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் வேலை செய்கிறவன், செய்தி கேட்டு வந்த கையோடு செல்லசாமியின் சட்டையைப் பிடித்துவிட்டான். தோட்டத் தலைவர் மாயாண்டி நடுவில் புகுந்து விலக்கினார். விலக்கியவர் ஒரு முடிவும் சொன்னார். வெள்ளிக்கிழமை பின்னேரம் கருப்பன் கோயிலில் வீட்டுக்கு ஒருவர் சூடம் அணைக்க வேண்டும். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, நெருப்பு எங்கள் வீட்டில் பிறக்கவில்லை என்று சத்தியம் செய்ய வேண்டும். பொலிஸ் வந்து பார்த்துவிட்டுப் போனது வேறு. பத்தாம் நம்பர் லயத்துக்கு இதுதான் பெரிய விசாரணை.

வினோஜனின் மனைவி சர்மிளா அந்த முடிவைக் கேட்டதிலிருந்து இரவில் கண் மூடவில்லை.

நெருப்பை வைத்தது தான்தான் என்று அவள் நம்பினாள்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மழை. கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கு முழுக்க நனைந்துவிட்டது. மத்தியானம் வீட்டுக்கு வந்தவள், அடுப்புக்கு மேலே இருந்த கம்பியில் அதைக் காயப் போட்டாள். அடுப்பில் தணல் இருந்தது. அந்தச் சூட்டில் சீக்கிரம் காயுமே என்றுதான் நினைத்தாள். தலை சுற்றிக்கொண்டு வந்ததால் ஒரு வாய் வெந்நீர் மட்டும் குடித்துவிட்டு, பழைய படங்கு ஒன்றைக் கட்டிக்கொண்டு மறுபடியும் மலைக்கு ஏறினாள். அதற்குப் பிறகு அவள் வீட்டைப் பார்த்தபோது வீடு இல்லை.

தலை சுற்றியதற்குக் காரணம் இருந்தது. அதை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. போன வருஷம் நாள் தள்ளிப்போன மறுவாரமே லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஆளுக்கு ஆள் பேர் வைத்தார்கள். மூன்றாம் மாதம் முடியும் முன்னே எல்லாம் போயிற்று. அதனால் இந்த முறை மூன்று மாதம் முடியும்வரை வாயைத் திறப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தாள். இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி.

பொய்ச் சத்தியம் பண்ணினால் அது எங்கே போய் விழும் என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"என்னங்க" என்று அவள் வினோஜனை வெளியே கூப்பிட்டாள். "அன்னைக்கு மத்தியானம் நான் வீட்டுக்கு வந்தப்ப..."

"அதத்தான் நானும் சொல்ல நெனச்சேன்" என்றான் அவன். "நான் கொழும்புல இருந்தேன். அம்மா விடிஞ்சதுல இருந்து மலைய விட்டு எறங்கவே இல்ல. கடைசியா வீட்டுல இருந்தது நீதான். அதனால நீதான் அணைக்கணும்னு தலைவர்கிட்ட சொல்லிட்டேன்."

"நானா?"

"பின்ன? நம்ம வீட்டுல ஒரு தப்பும் இல்ல. தைரியமா அணை. அப்புறம் பாரு, எவன்னு தெரியட்டும். அந்தக் குடும்பத்த இந்த மலையில ஒரு நாள் இருக்க விட மாட்டேன்."

சர்மிளா சொல்ல வந்ததை விட்டுவிட்டு உள்ளே திரும்பினாள். வினோஜன் கெட்டவனில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிடித்து வாங்கிய கட்டிலும் அலுமாரியும் கரிக்கட்டையாகக் கிடப்பதைப் பார்த்துவிட்டு வந்தவன். கோபத்தை எங்கேயாவது இறக்கி வைக்க வேண்டும் என்று தவித்தான். அந்தக் கோபம் எங்கே வந்து இறங்கும் என்று தெரிந்தால் தாங்க மாட்டான்.

உள்ளே மூலையில் தனுஷிகா தன் அப்பா செல்லசாமிக்கு ரொட்டியைப் பிய்த்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

"சின்னப் புள்ளையில நான் ஊட்டுனேன்ல. இப்ப திருப்பி வாங்கிக்கிறேன்" என்றான் செல்லசாமி, சர்மிளாவைப் பார்த்து. அவனுடைய சிரிப்பு அவளைக் குத்தியது.

தனுஷிகா எழுந்து வந்தாள். "அக்கா, வினோஜன் அண்ணன கொஞ்சம் விட்டுக் குடுக்கச் சொல்லுங்களேன். கட்ட அவுக்கவே கூடாதுன்னு டொக்டர் சொல்லியிருக்காரு. நான் அணைக்கிறேன்னு சொன்னா தலைவர் ஒத்துக்க மாட்டேங்கிறாரு. அன்னைக்கு வீட்டுல இருந்தவருதான் அணைக்கணுமாம். அப்பா கட்ட அவுத்துட்டு வெறுங்கையால அணைக்கப் போறேங்கிறாரு."

"வெந்த கையாலயா?"

"சூடுபட்ட கைக்கு இன்னும் என்ன சூடுங்கிறாரு."

சர்மிளா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சொல்கிறேன் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். தன் மேல் அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

மாமியார் பேச்சியம்மாவைத் தேடினாள். பேச்சியம்மா பீலிக்குக் குளிக்கப் போயிருந்தாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து பேச்சியம்மா யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. வாயாடி என்று பேர் எடுத்தவள், இப்போது கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னாள். லயத்துக்குப் பின்னால் தனியாக நிற்கிற மாட்டுப்பட்டி தப்பித்ததால், அவளுடைய பசுவும் தப்பித்தது. காலையும் மாலையும் அவளே போய்ப் புல்லுப் போட்டாள். வேறு யாரையும் விடவில்லை. இன்றைக்கு விரதக் குளியலில் நேரம் போய்விட்டது போல; பசு கத்துகிற சத்தம் மேலே பிள்ளைக் காம்பரா வரைக்கும் கேட்டது.

சர்மிளா இறங்கிப் போனாள். எரிந்த லயத்தைப் பார்க்காமல் பட்டிக்குப் போக வழியில்லை. கூரைத் தகரம் சுருண்டு கிடந்தது. தங்கள் காம்பரா எது என்று கண்டுபிடிக்க அவள் கதவுகளை எண்ண வேண்டியிருந்தது, ஆனால் எண்ணுவதற்குக் கதவுகள் இல்லை. கரி வாசமும் மழை வாசமும் சேர்ந்து குமட்டியது. வாயைப் பொத்திக்கொண்டு நடந்தாள்.

பட்டியில் புல்லுக் கட்டு மூலையில் கிடந்தது. ஒரு கட்டைத் தூக்கி மாட்டுக்கு முன்னால் போட்டாள். அடுத்ததைத் தூக்கியபோது கீழே நீலமாக ஏதோ தெரிந்தது.

அவளுடைய படங்கு.

ஓரத்தில் அவளே பச்சை நூலால் தைத்த ஒட்டு அப்படியே இருந்தது. ஒரு பொட்டு நெருப்புப் படவில்லை. மூன்றாக மடித்து, கயிற்றை மேலே சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது. அந்த மடிப்பும் அந்த முடிச்சும் பேச்சியம்மாவுடையது. வேறு யாரும் அப்படி மடிப்பதில்லை.

சர்மிளா புல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். அழுகை வந்தது. நான் இல்லை, நான் இல்லை என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. இரவெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்ததெல்லாம் வீண். தைரியமாகச் சூடம் அணைக்கலாம். வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அந்தச் சந்தோஷம் கண்ணைத் துடைத்து முடிக்கும்வரைதான் நின்றது.

அடுப்புக்கு மேலே இருந்த படங்கு தானாக நடந்து பட்டிக்கு வந்திருக்காது. அவள் போன பிறகு அத்தை வீட்டுக்கு வந்திருக்கிறாள். வந்தவள், பொலிஸ்காரரிடமும் தலைவரிடமும் பெற்ற மகனிடமும், மலையை விட்டு இறங்கவே இல்லை என்று சொல்லியிருக்கிறாள். எதற்கு?

பீலிக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில், ஈரத் தலையோடு பேச்சியம்மா எதிரே வந்தாள். சர்மிளாவின் கையில் படங்கைப் பார்த்ததும் நின்றாள்.

"இத எப்ப அத்த பட்டியில வச்சீங்க?"

பேச்சியம்மா மருமகளின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, படங்கை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள்.

"கண்ணு ரெண்டும் வீங்கிப் போயிருக்கு. நீதான்னு நெனச்சுக்கிட்டியா?"

சர்மிளா தலையை ஆட்டினாள்.

"கிறுக்கி" என்றாள் பேச்சியம்மா. "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க வீட்டுக்கு வந்தீங்களா அத்த?"

"பொழுது போகுது. போயிக் குளி. தண்ணி சில்லுன்னு இருக்கு, தலைக்கு ஊத்தாத." அவ்வளவுதான். விறுவிறு என்று மேலே ஏறிப் போய்விட்டாள்.

நாலு மணிக்கெல்லாம் மூடுபனி இறங்கிவிட்டது. கருப்பன் கோயில் என்றால் கோபுரமெல்லாம் கிடையாது. தேயிலை முடிகிற இடத்தில் ஒரு பெரிய மரம், அடியில் ஒரு கல், நட்டு வைத்த சூலம். அதன் முன்னால் பத்தாம் நம்பர் லயம் முழுக்க நின்றது. மற்ற லயத்துக்காரர்களும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். சூடம் அணைக்கிற இடத்துக்குக் கூட்டம் சேராமல் இருக்குமா?

மாயாண்டி தட்டில் சூடத்தைக் கொளுத்தினார். பீலிப் பக்கத்து வீட்டிலிருந்து வரிசையாக ஆட்களைக் கூப்பிட்டார். ஒவ்வொருவரும் வந்து, கல்லைக் கும்பிட்டு, உள்ளங்கையால் சூடத்தை அடித்து அணைத்தார்கள்.

"நெருப்பு எங்க வீட்டுல பொறக்கல. பொய்யின்னா இந்தச் சூடம் மாதிரி எங்க குடும்பம் கரைஞ்சு போகட்டும்."

ஒவ்வொரு தடவையும் சர்மிளாவின் கை தானாக மூடிக்கொண்டது. நான்கு வீடு முடிந்தது. செல்லசாமி, அதற்குப் பிறகு அவள். அவள் சொல்லப் போகிற வார்த்தை என்ன? நான் வைக்கவில்லை என்று சொல்லலாம். எங்கள் வீட்டில் பிறக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? சத்தியத்தில் 'எங்க வீடு' என்றுதானே வருகிறது.

"செல்லசாமி" என்று மாயாண்டி கூப்பிட்டார்.

செல்லசாமி முன்னால் வந்தான். பல்லால் கட்டின் முடிச்சைக் கடித்து இழுத்தான். துணி சுற்றுச் சுற்றாக அவிழ்ந்து கீழே விழுந்தது. தனுஷிகா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கடைசிச் சுற்று தோலோடு ஒட்டியிருந்தது. அதை அவன் இழுத்தபோது கூட்டத்தில் யாரோ "ஐயோ சாமி" என்றார்கள். வினோஜன்கூடக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

மாயாண்டி புதுச் சூடம் வைத்துக் கொளுத்தினார். செல்லசாமி கையை நீட்டினான்.

"எடு கைய" என்று ஒரு குரல் கேட்டது.

பேச்சியம்மா வரிசையை விலக்கிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள்.

செல்லசாமி அவளைப் பார்த்து மெதுவாகச் சொன்னான். "நீங்க போங்கக்கா. நான் பாத்துக்கிறேன்."

அந்த ஒரு வார்த்தையில் சர்மிளாவுக்கு விளங்கிவிட்டது. அன்றைக்கு அத்தை வீட்டுக்கு வந்ததை இவன் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, சட்டையைப் பிடித்து உலுக்கியபோதும் வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான்.

"ஒன்னோட அடுப்பால பிடிச்ச நெருப்பு இல்ல இது" என்றாள் பேச்சியம்மா. "மாயாண்டிண்ணே, நெருப்பு எங்க வீட்டுல பொறந்தது. நான் ஏத்தி வச்ச வெளக்கு."

"அம்மா" என்றான் வினோஜன்.

"நீ மலைய விட்டு எறங்கலன்னியே பேச்சி" என்றார் மாயாண்டி.

"எறங்குனேன். மருமக வந்துட்டுப் போன பொறகு, பின்பக்கமா வந்தேன். அடுப்புக்கு மேல அவ படங்கு தொங்குச்சு. நெருப்பு பட்டுருமேன்னு அத எடுத்துப் பட்டியில கொண்டுபோய்ப் போட்டேன். அவ்வளவு புத்தி இருந்துச்சு எனக்கு." பேச்சியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "சாமி படத்துக்கு முன்னால வெளக்கேத்துனேன். கொழுந்து நிறுவைக்கு நேரமாயிருச்சுன்னு மேல இருந்து கூப்புட்டாங்க. நேந்துக்கிட்டு ஏத்துன வெளக்கு அண்ணே. அத ஊதி அணைக்கக் கூடாதே. அணைக்க எனக்கு மனசு வரல. எரியட்டும்னு விட்டுட்டு ஓடிட்டேன்."

"பட்டப்பகல்ல, வேல நேரத்துல, யாருக்கும் தெரியாம வந்து ஏத்துற அளவுக்கு என்ன நேர்த்தி?"

பேச்சியம்மா வாயை மூடிக்கொண்டாள்.

"கேக்குறேன்ல. யாருக்கு ஏத்துன?"

பின்னாலிருந்து முணுமுணுப்பு எழுந்தது. "நல்ல காரியம்னா சொல்ல வேண்டியதுதானே" என்றாள் ஒருத்தி. "யாரு குடியக் கெடுக்க வச்சாளோ" என்றாள் இன்னொருத்தி. மாயாண்டியின் முகமும் மாறியது. விளக்கால் நெருப்புப் பிடித்தது என்றால் அது கைப்பிசகு. ஆகாத காரியத்துக்கு ஏற்றிய விளக்கு என்றால் பேச்சே வேறு. அந்தப் பேர் ஒட்டினால் சாகும்வரைக்கும் போகாது.

"சொல்லும்மா" என்றான் வினோஜன். "ஏன் பேச மாட்டேங்கிற?"

பேச்சியம்மா மகனைப் பார்க்கவில்லை. தவறியும் சர்மிளா பக்கம் திரும்பவில்லை. அப்படித் திரும்பாமல் இருந்ததுதான் சர்மிளாவுக்கு எல்லாவற்றையும் சொன்னது. வடை வாசம் வந்தால் அவள் இஸ்தோப்புத் திண்ணையை விட்டு எழும்பிப் போனதை அத்தை பார்த்திருக்கிறாள். பாரமான கூடையை இரண்டு வாரமாக, ஏதோ ஒரு சாக்குச் சொல்லித் தானே வாங்கிச் சுமந்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் வெளியே வந்துவிடும் என்று, விளக்கைக்கூடத் திருட்டுத்தனமாக ஏற்றியிருக்கிறாள்.

இன்னும் கொஞ்ச நாள் பாக்கி இருக்கிறது. இப்போது சொன்னால் லயம் மட்டுமல்ல, தோட்டம் முழுக்கத் தெரியும். சர்மிளாவுக்குப் பயமாக இருந்தது. போன வருஷத்து ஆஸ்பத்திரி வாசம் மூக்கில் வந்தது. ஆனாலும் நடந்தாள். அத்தையின் பக்கத்தில் போய் நின்று, அவளுடைய ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கு ஏத்துன வெளக்குங்க அது" என்றாள் மாயாண்டியிடம். "நான் முழுகாம இருக்கேன்."

தட்டில் இருந்த சூடத்தை யாரும் அணைக்கவில்லை. அது தானாக எரிந்து முடிந்தது.

பிறகு கைப்பிள்ளைக்காரியின் குரல் வந்தது. காலையில் கேத்தலுக்குச் சண்டை போட்டவள். "உங்க வீட்டுல தொட்டி கட்டுறதுக்கு எங்க வீட்டக் கொளுத்துனீங்களாடி? எம் புள்ளைக்கு இப்ப எங்க தொட்டி கட்டுறது?"

"நாளைக்குக் காலையில வேல பிரிக்கிறதுக்கு முன்னாலயே பெரட்டுக் களத்துக்கு எல்லாரும் வாங்க" என்றார் மாயாண்டி. "இதுக்கு ஒரு முடிவு சொல்லணும்." என்ன முடிவு என்பதை அவர் சொல்லவில்லை. அந்தக் குடும்பத்தை இந்த மலையில் இருக்க விட மாட்டேன் என்று காலையில் சொன்னவன் யார் என்பது சர்மிளாவுக்கு ஞாபகம் இருந்தது.

வினோஜன் முன்னால் வந்தான். தன்னிடம்தான் வருகிறான் என்று சர்மிளா நினைத்தாள். அவன் அவளைத் தாண்டிப் போனான். செல்லசாமியின் காலடியில் குனிந்து, மண்ணில் கிடந்த கட்டுத் துணியை எடுத்து உதறினான்.

"கையக் குடுங்க மாமா" என்றான்.

செல்லசாமி கொடுத்தான். வினோஜன் சுற்ற ஆரம்பித்தான். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதால் அவன் முகத்தில் என்ன இருக்கிறது என்று சர்மிளாவுக்குத் தெரியவில்லை. கட்டு முடிந்த பிறகும் அவன் திரும்பவில்லை.

பேச்சியம்மா சர்மிளாவின் காதோரம் குனிந்தாள். தன் பேர் போனதைப் பற்றியோ, நாளைக்கு எங்கே போவது என்பதைப் பற்றியோ அவள் ஒன்றும் சொல்லவில்லை.

"ஏன்டி சொன்ன?" என்றாள். "மூணு மாசம் இன்னும் முடியலியேடி."